100 மதிப்பெண் வந்தும் விண்ணப்பிக்க முடியவில்லை

போன வாரமும் அதே கதைதான். ஒரு விண்ணப்பத் தளத்தைச் சோதிக்க எடுத்தோம். உருவாக்கியவர் முன்கூட்டியே ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார்: தளங்களைத் தானாகச் சோதித்து மதிப்பெண் போடும் கூகுளின் லைட்ஹவுஸ் கருவியில் அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்பது) 100. "இதுக்கு மேல என்ன சார் பார்க்கணும்?"

என்னோடு சோதிக்கும் நண்பர் பார்வையற்றவர். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரான என்விடிஏவை (NVDA) ஓடவிட்டு டேப் விசையை அழுத்திக்கொண்டே போனார். பெயர், பிறந்த தேதி, கைபேசி எண் எல்லாம் சரியாகச் சொன்னது. அப்புறம் நேராகப் பக்கத்தின் அடியிலிருந்த இணைப்புகளுக்குத் தாவிவிட்டது. நடுவில் பச்சை நிறத்தில் 'சமர்ப்பி' என்று இருந்தது பட்டனே இல்லை. பட்டன் மாதிரி அலங்கரித்த டிவ், அதாவது நிரலில் வெறும் பெட்டி. மவுஸால் மட்டும்தான் அழுத்த முடியும். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, அனுப்ப வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

கருவி பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். படத்துக்கு மாற்று உரை (படத்துக்குப் பதிலாக ஸ்கிரீன் ரீடர் படிக்கும் விவரம்) இருக்கிறதா என்று பார்க்கும்; அந்த உரைக்குப் பொருள் உண்டா என்று பார்க்காது. அதே தளத்தில், கடைசித் தேதி அச்சிட்ட அறிவிப்புப் படத்துக்கு மாற்று உரை 'படம்'. கருவி பாஸ் போட்டுவிட்டது. நண்பரின் காதில் 'படம்' மட்டும் விழுந்தது, தேதி விழவில்லை. தமிழ்ப் பக்கத்தின் மொழியை ஆங்கிலம் என்று குறித்திருந்தார்கள். அதற்கும் பாஸ்! ஆங்கிலக் குரல் தமிழை விழுங்கிவிடும் என்பது அதற்கு எப்படித் தெரியும்? கையால் சோதிக்க வேண்டியவை என்று லைட்ஹவுஸே தன் அறிக்கையில் ஒரு பட்டியல் தருகிறது. மடங்கியிருக்கும் அந்தப் பகுதியைத் தயவுசெய்து திறந்து படியுங்கள்.

மவுஸைக் கழற்றி ஓரமாக வையுங்கள். டேப், என்டர், ஸ்பேஸ் மட்டும் வைத்து விண்ணப்பத்தை முதலிலிருந்து கடைசி வரை முடித்துப் பாருங்கள். டேப் அழுத்தும்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்று காட்டும் சுற்றுக்கோட்டை அழகுக்காக எடுக்காதீர்கள். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5:1 வேண்டும்; வெளிர் சாம்பலை விட்டுத்தொலையுங்கள். 200% பெரிதாக்கியும் பாருங்கள். என்விடிஏ இலவசம்தான், இறக்கி அரைமணி நேரம் கேளுங்கள்.

"இது கட்டாயமா?" என்று கேட்பவர்களுக்கு: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-இல். டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது.

வெளியிடும் முன் ஸ்கிரீன் ரீடரை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவரை அழைத்து, அவர் உழைப்புக்குப் பணம் கொடுத்து, சோதிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும்போது பக்கத்தில் நின்று "இதை அழுத்துங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.