மருந்தகத்தில் சில நொடிகள்

அமெரிக்காவில் ஒருவர் மருந்துச் சீட்டையும் காப்பீட்டு அட்டையையும் நீட்டியதும், மருந்தாளுநர் அந்த விவரங்களைக் கணினியில் பதிந்து அனுப்புகிறார். சில நொடிகளில் பதில் வருகிறது. காப்பீடு எவ்வளவு தரும், நோயாளி எவ்வளவு கட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. வெறும் பணக் கணக்காகத் தெரியும் இந்த நொடிகளுக்குள் இன்னொரு வேலையும் நடந்து முடிகிறது. புதிய மருந்து, அதே அட்டையில் முன்பு வாங்கிய மருந்துகளோடு ஒத்துப்போகிறதா என்று கணினி பார்த்துவிடுகிறது.

கொழுப்பைக் குறைக்க சிம்வாஸ்டாட்டின் சாப்பிடும் ஒருவருக்கு, நெஞ்சுச் சளிக்காக வேறொரு மருத்துவர் கிளாரித்ரோமைசின் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்லீரலில் சிம்வாஸ்டாட்டினைச் சிதைக்கும் நொதியை இந்த நுண்ணுயிர்க்கொல்லி முடக்கிவிடும். சிம்வாஸ்டாட்டின் ரத்தத்தில் பல மடங்கு ஏறும், தசைகள் சிதையலாம், சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். இரண்டு மருத்துவர்கள், இரண்டு மருந்தகங்கள் என்றால் இந்த மோதல் அவர்களில் எவர் கண்ணிலும் படாமல் போகலாம். இரண்டுக்கும் பணம் கட்டும் காப்பீட்டு நிறுவனத்திடம் மட்டும் இரண்டு பதிவுகளும் இருக்கின்றன. மருத்துவமே படிக்காத பணப்பெட்டிக்கு இப்படி ஒரு பார்வை வாய்த்திருப்பது வேடிக்கைதான்.

ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட் திட்டத்தில் இத்தகைய சோதனையை 1990-இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டம் கட்டாயமாக்கியது. முதியோருக்கான மெடிக்கேரின் மருந்துக் காப்பீடு 2006-இல் தொடங்கியபோது அங்கும் அது விதியானது. மருந்து மோதல், ஒரே வகை மருந்து இருமுறை, மிகையான அளவு, வயதுக்குப் பொருந்தாமை போன்றவற்றைக் கணினி தேடுகிறது.

எச்சரிக்கை வந்தாலும் பெரும்பாலும் மருந்து நின்றுவிடுவதில்லை. மருந்தாளுநர் மருத்துவரை அழைத்துக் கேட்டுவிட்டு, அதற்குரிய குறியீடுகளைத் தட்டி மேலே போகலாம். சிக்கலும் இங்கேதான். அற்ப விஷயங்களுக்கெல்லாம் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தால், கை பழக்கத்தில் தாண்டிவிடும். அந்தக் கூட்டத்தில் உண்மையான ஆபத்தும் தாண்டப்படும். அதனால் சிலவற்றுக்குக் கடினமான பூட்டு போடுகிறார்கள். 2019 முதல் மெடிக்கேரில், ஓபியாய்டு எனும் அபின் வகை வலிநிவாரணியைப் புதிதாகத் தொடங்குபவருக்கு 7 நாளுக்கு மேற்பட்ட மருந்து கேட்டால் கணினி மறுத்துவிடும். புற்றுநோயாளிகள் போன்றோருக்கு விலக்கு உண்டு.

மருந்து வாங்குமுன் காப்பீட்டு நிறுவனத்திடம் பெற வேண்டிய முன் அனுமதி, முதலில் மலிவான மருந்தை முயன்று பார் என்ற படிமுறை ஆகியவையும் பாதுகாப்பின் பெயரில்தான் வருகின்றன. மூட்டுவாதத்துக்கு விலை உயர்ந்த உயிரியல் ஊசிக்கு முன் மலிவான மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை முயலச் சொல்வதற்கு மருத்துவ நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த மருந்துக்கு உற்பத்தியாளர் அதிகத் தள்ளுபடி தருகிறார் என்பதும் காப்பீடு ஏற்கும் மருந்துகளின் பட்டியலைத் தீர்மானிக்கிறது. இரண்டு நோக்கங்களும் ஒரே விதிக்குள் கலந்திருப்பதால், மறுக்கப்பட்டவருக்கு எது காரணம் என்று தெரிவதே இல்லை. என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் பெருங்குறை இதுதான். மெடிக்கேர் மருந்துக் காப்பீட்டில் முன் அனுமதிக் கோரிக்கைக்கு 72 மணி நேரத்திலும், அவசரமென்றால் 24 மணி நேரத்திலும் பதில் தர வேண்டும் என்ற கெடுவாவது இருக்கிறது.

நோயாளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்பதையும் காப்பீட்டு நிறுவனம் கணக்கிடுகிறது. நீரிழிவு, ரத்த அழுத்தம், கொழுப்பு மருந்துகளில், கணக்கெடுக்கும் நாட்களில் 80 சதவீதத்துக்காவது கையில் மாத்திரை இருந்திருந்தால் அவர் ஒழுங்கானவர். மெடிக்கேர் திட்டங்களுக்கு அரசு தரும் நட்சத்திரத் தரவரிசையில் இதற்கு மதிப்பெண் உண்டு. ஆனால் கணக்கில் ஏறுவது வாங்கிய மாத்திரை. விழுங்கியதா என்று யாருக்கும் தெரியாது.

காப்பீட்டில் கட்ட வேண்டிய பங்கைவிட ரொக்க விலை குறைவாக இருக்கிறதென்று சிலர் அட்டையைக் காட்டாமலே வாங்குகிறார்கள். 2006-இல் வால்மார்ட் கடைச்சங்கிலி, பிராண்டு பெயரில்லாத மலிவான பல பொதுப்பெயர் மருந்துகளை மாதம் 4 டாலருக்கு விற்கத் தொடங்கியது முதல் இது சாதாரணமாகிவிட்டது. அப்படி வாங்கியது காப்பீட்டின் பதிவில் ஏறுவதில்லை. சீட்டில்லாமல் வாங்கும் ஐப்யூபுரூஃபன் என்ற வலிநிவாரணியும் அப்படித்தான்; ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோடு அதைச் சேர்த்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம், காப்பீட்டின் கணினி வாய்திறக்காது. ரொக்கம் கொடுத்து ரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு வருபவரோ, மருந்தை நிறுத்திவிட்டவராகப் பதிவாகிறார். அவருக்குத்தான் நிறுவனத்திலிருந்து நினைவூட்டும் அழைப்பு போகிறது.