ஒத்திவைத்த தண்டனை

ஆங்கிலத்தில் சஸ்பெண்டட் சென்டென்ஸ் எனப்படும் தண்டனையை ‘நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை’ என்று பலரும் எழுதுகிறார்கள். அந்தத் தொடருக்குத் தமிழ்நாட்டு நீதிமன்ற வழக்கில் ஏற்கெனவே வேறொரு வேலை இருக்கிறது: மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது, கீழமை நீதிமன்றம் விதித்த தண்டனையை மேல் நீதிமன்றம் தற்காலிகமாக நிறுத்தி, பெரும்பாலும் ஜாமீனும் தருவதையே அது குறிக்கிறது. இங்கே பேசப்படுவது அதுவன்று. தண்டனை விதித்த நீதிமன்றமே, குறிப்பிட்ட காலம் நிபந்தனைகளை மீறாமல் இருந்தால் சிறைக்குப் போக வேண்டியதில்லை என்று சொல்லி விடுவிக்கும் ஏற்பாடு இது. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் ‘5 வருடங்களுக்கு ஒத்திவைக்கப்பட்ட 2 வருட சிறைத்தண்டனை’ என்ற பாணியில் எழுதுகிறார்கள். தண்டனை எவ்வளவு, அது எவ்வளவு காலம் காத்திருக்கும் என்ற இரண்டையும் ஒரே தொடரில் சொல்லிவிடுவதால், என் கணிப்பில் இதுவே தக்க வழக்கு.

சஸ்பெண்ட் என்பதன் இலத்தீன் மூலத்துக்குத் தொங்கவிடுதல் என்று பொருள். தமிழில் ‘ஒத்தி நில்’, ‘ஒத்திப்போடு’ என்னும்போது, ஒன்றை இருந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளுகிறோமே தவிர, இல்லாமல் ஆக்குவதில்லை. (நிலத்தை ஈடு வைக்கும் ‘ஒத்தி’ வேறு, அது ஒற்றி என்பதன் பேச்சு வடிவம்.) ஒத்திவைத்த தண்டனை ரத்தான தண்டனை ஆகாது என்பதைச் சொல்லே உணர்த்துகிறது.

இதனுடன் எப்போதும் சேர்ந்து வரும் சொல் புரொபேஷன். சோதித்துப் பார்த்தல் என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அரசுப் பணியில் சேர்ந்தவருக்கு அதைத் ‘தகுதிகாண் பருவம்’ என்று அழகாகவே சொல்கிறோம். குற்றவாளிக்கு ‘நன்னடத்தைக் காலம்’ என்பது நிலைத்துவிட்டது. இதிலும் ஒரு குழப்பம் உண்டு. சிறையில் ஒழுங்காக இருந்ததற்காக முன்கூட்டியே வெளியே விடுவதையும் ‘நன்னடத்தை விடுதலை’ என்கிறோம். அவர் சிறையிலிருந்து வருபவர்; இவர் சிறைக்குள் போகாமலே சோதிக்கப்படுபவர்.

ஒத்திவைப்பு இரு வகைப்படும். தண்டனையை அறிவித்து, நிறைவேற்றத்தை மட்டும் தள்ளிவைப்பது ஒன்று. தண்டனை இன்னதென்று சொல்லாமலே விடுவிப்பது மற்றொன்று. இந்தியாவின் 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. உடனே தண்டிப்பதற்குப் பதிலாக, 3 ஆண்டுகளுக்கு மேற்படாத ஒரு காலத்துக்குள் அழைக்கும்போது வந்து தண்டனையைப் பெற்றுக்கொள்வதாகவும், அதுவரை அமைதி காத்து நன்னடத்தையோடு இருப்பதாகவும் பிணைப்பத்திரம் எழுதித் தரச் சொல்கிறது அது. ‘அந்தக் காலத்துக்குள்’ என்ற எல்லை பத்திரத்தின் வாசகத்திலேயே இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த எல்லை கடந்தபின் நீதிமன்றம் தண்டனையைக் கையில் எடுக்க முடியுமா என்பதுதான் சிக்கலான கேள்வி. அமெரிக்காவில் கில்லிட்ஸ் என்ற கூட்டரசு (ஃபெடரல்) நீதிபதி, வங்கிப் பணத்தைக் கையாடியவருக்கு 5 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்து, அதைக் கெடு எதுவும் குறிக்காமல் நன்னடத்தை உள்ளவரை ஒத்திவைத்தார். ஒத்திவைப்பு என்ற பெயரில் தண்டனையை நிரந்தரமாகக் கைவிட நீதிமன்றத்துக்குத் தானாக அதிகாரம் கிடையாது என்று 1916இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1925இல் சட்டம் இயற்றித்தான் கூட்டரசு நீதிமன்றங்களுக்குத் தண்டனையை ஒத்திவைக்கும் அதிகாரம் தரப்பட்டது.

இன்றைய கூட்டரசுச் சட்டத்தில் நன்னடத்தைக் காலமே ஒரு தண்டனை வகை. அதை ரத்துசெய்தால் நீதிமன்றம் புதிதாகத் தண்டனை விதிக்கிறது. அந்த அதிகாரம் கெடு முடிந்த பின்னும் ஒரு நிபந்தனையோடு தொடர்கிறது: மீறல் பற்றிய குற்றச்சாட்டின் பேரில் பிடியாணையோ அழைப்பாணையோ கெடு முடிவதற்குள் பிறப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒருவரின் நன்னடத்தைக் காலம் ஜூன் 30 அன்று முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மே மாத மீறலுக்காக ஜூன் 25 அன்று பிடியாணை வந்திருந்தால், விசாரணை ஆகஸ்டில் நடந்தாலும் அதிகாரம் உண்டு. விசாரித்து முடிக்க நியாயமாகத் தேவைப்படும் காலம் வரை அது நீடிக்கும். ஆணை எதுவும் வராமல் ஜூன் 30 கடந்து, பிடியாணையே ஜூலை 5 அன்றுதான் வந்தது என்றால், அதே மீறலுக்கு அதே நீதிமன்றம் இந்த வழியில் எதுவும் செய்ய இயலாது. மாநிலச் சட்டங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

இந்த அதிகாரத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘காலங்கடந்த அதிகாரம்’ என்றால் காலாவதியானது போலத் தொனிக்கும். ‘எஞ்சிய அதிகாரம்’ அரசமைப்புச் சட்டத்தில் வேறு பொருளுக்கு, எந்தப் பட்டியலிலும் சேராத துறைகள் மீதான அதிகாரத்துக்கு, போய்விட்டது. ‘கெடுவுக்குப் பிந்தைய நிறைவேற்ற அதிகாரம்’ சற்று நீளந்தான் என்றாலும் பொருள் மயங்காது. புதிதாகத் தண்டனை விதிக்கும் முறைகளில் ‘நிறைவேற்ற’ என்பதை ‘ரத்து’ என்று மாற்றிக்கொள்ளலாம். எந்தத் தொடரைக் கையாண்டாலும், முடிந்தது ‘தண்டனைக் காலம்’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. முடிந்தது ஒத்திவைப்புக் காலம்.