பழைய கலண்டரைக் கழற்றுவதற்கு முன்

ஜனவரியில் ஆலோசனைக்கு வருபவர்களில் பலர் உட்கார்ந்ததுமே தங்களுக்கு ஒரு தீர்ப்பை வாசித்துவிடுகிறார்கள். "போன வருசமும் வீணாப் போச்சு மிஸ்." "நானெல்லாம் ஒரு தாயா?" இதே வார்த்தையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து யாராவது சொன்னால் சண்டைக்குப் போகக்கூடியவர்கள்தான் இவர்கள்.

திருகோணமலையில் உளவளத் துணையாளராக இருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எங்களுக்கு வருடப் பிறப்பு லேசாக வருவதில்லை. 2004 டிசம்பர் 26இல் சுனாமி இந்தக் கரையை அடித்துப் போனது. 2006 ஜனவரி 2இல் இதே நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்த இரண்டு நினைவு நாட்களுக்கும் நடுவில்தான் புத்தாண்டு. போதாததற்கு வாடைக் கடல் கொந்தளிக்கும் காலம். பல மீனவ வீடுகளில் வருமானம் சுருங்கிவிடும். இழப்பு நடந்த திகதி நெருங்கும்போது மனம் மறந்திருந்தாலும் உடம்பு மறப்பதில்லை. நித்திரை குழம்பும், நெஞ்சு படபடக்கும், எதிலும் கை ஓடாது. அந்தத் துக்கத்தைச் சோம்பல் என்று நினைத்துத் தங்களையே திட்டிக்கொள்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கும்.

அதனால் புது வருடத் தீர்மானம் எழுதச் சொல்லி நான் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. பழைய கலண்டரைக் கொண்டுவரச் சொல்வேன்.

மூதூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) இடியப்பம் அவித்து விற்பவர். நுண்கடன் எடுத்துவிட்டு, "குடும்பத்தை நானே கெடுத்துப்போட்டன்" என்று அழுதவர். அவருடைய கலண்டரில் தவணைத் திகதிகளுக்கு வட்டம், தாயின் கிளினிக் நாள், மகனின் டியூஷன் காசு எல்லாம் பென்சிலால் குறித்திருந்தது. ஒக்டோபர் தாளில் தாய் ஆஸ்பத்திரியில் இருந்த கிழமையிலேயே ஒரு வட்டத்தின் மேல் சரி போட்டிருந்தார். "இதைக் கட்டினது ஆர்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான்தான்" என்றார். கட்டாமல் விட்ட மாதங்களையும் பார்த்தோம். எதையும் மழுப்பவில்லை.

தன்மேல் பரிவு பற்றி 2003இல் எழுதிய அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் அதற்கு மூன்று கூறுகள் சொல்கிறார்: தன்னிடம் கனிவாக இருப்பது, கஷ்டம் எல்லா மனிதருக்கும் பொது என்று உணர்வது, நடப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் கவனிப்பது. கலண்டர் அந்த மூன்றாவதற்குத்தான் உதவுகிறது. "எல்லாம் வீண்" என்ற பேச்சு மாதம் மாதமாகப் பார்க்கும்போது நிற்காது.

"இப்படிச் செல்லம் கொடுத்தால் முன்னேற முடியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு, பெற்றோர்கள் முக்கியமாக. 2012இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், கஷ்டமான சோதனையில் சறுக்கிய பிறகு தங்களிடம் பரிவாக இருக்கத் தூண்டப்பட்ட மாணவர்கள், அடுத்த சோதனைக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் படித்தார்கள். திட்டு வாங்கிப் பயந்த மனம் புத்தகத்தைத் திறக்கவே தயங்கும். பெறுபேறு வந்த வீடுகளில் இதை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் செய்வதென்றால் சத்தமில்லாத ஒரு அரை மணித்தியாலம் போதும். ஒவ்வொரு தாளிலும் பாரமாக இருந்தது ஒன்று, அதிலும் நீங்கள் செய்து முடித்தது ஒன்று எழுதுங்கள். கண்ணீர் வந்தால் வரட்டும். ஏதாவது ஒரு மாதத்தைப் பார்க்கவே முடியவில்லை, உடம்பு நடுங்குகிறது என்றால் மூடி வையுங்கள், அதைத் தனியாகத் திறக்க வேண்டாம். அப்புறம், நித்திரையின்மையோ மனச்சோர்வோ இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் நாள் பார்க்காதீர்கள், உடனே 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம், இரவிலும் எடுப்பார்கள்.