மிதவாதி வேறு, நடுநிலையாளர் வேறு

ராமநாதபுரம் பக்கம் மத நல்லிணக்கக் கூட்டம் என்றால் துண்டறிக்கையில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ‘அனைத்து மதங்களிலும் உள்ள நடுநிலையாளர்கள் மௌனம் கலைக்க வேண்டும்.’ கீழக்கரையில் பார்த்தேன், தொண்டியில் பார்த்தேன், இப்போது தொலைக்காட்சி விவாதங்களிலும் வந்துவிட்டது. ‘மாடரேட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு யாரோ போட்ட தமிழ் இந்த நடுநிலையாளர். தப்பான தமிழ்.

இதற்கு ஏற்கெனவே நம்மிடம் உள்ள சொல் மிதவாதி. மிதம் வடசொல்; அளத்தல் என்ற வேரிலிருந்து வந்தது, அளவானது என்று பொருள். வாதம் என்றால் பேச்சு, தர்க்கம். ஆக, அளவோடு பேசுபவர். 1907-ல் சூரத்தில் காங்கிரஸ் பிளந்ததைச் சொல்லும் பாடநூல்களில் கோகலே பக்கம் மிதவாதிகள், திலகர் பக்கம் தீவிரவாதிகள். வ.உ.சி. திலகர் பக்கம். அவரைத் தீவிரவாதி என்று இன்று எழுதினால் வீட்டுக்கு போலீஸ் வரும். அது தனிக் கதை.

தேவிபட்டினத்தில் ஒரு தமிழாசிரியர், எனக்கு அண்ணன் முறை. “வடசொல்லை ஏன்டா தூக்கிச் சுமக்கிற? நடுநிலையாளர்னு நல்ல தமிழ் இருக்கே” என்பார். இருக்கிறது அண்ணே, ஆனால் அது வேறு ஆளின் பெயர். நடுநிலைக்கு இரண்டு தரப்பு வேண்டும், இரண்டிலும் சேராத ஒருவர் வேண்டும். குறள் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலைக் காட்டுவது அதனால்தான். மிதவாதி அப்படியா? அவர் ஒரு தரப்புக்குள்ளேயே நிற்பவர். ஐந்து வேளை தவறாமல் தொழும் கீழக்கரைக் காக்கா (அங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தர்கா வழிபாட்டில் அவருக்கு உடன்பாடு கிடையாது. ஏர்வாடி சந்தனக்கூட்டுக்குப் பூவும் சர்க்கரையும் கொண்டுபோகும் மீனவக் குடும்பம் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுவார். மறிக்க வரும் இளவட்டத்திடம் “விடுங்கப்பா, அவங்க பாட்டுக்குப் போகட்டும்” என்பார். தன் மதத்தில் அவர் நடுநிலையா? இல்லவே இல்லை, முழுப் பற்று. அவர் தடுத்தது வெறியை. அவரை நடுநிலையாளர் என்று எழுதினால் பாதி நம்பிக்கைக்காரர் ஆக்குகிறோம். வெறியர்கள் அவரைப் பற்றிச் சொல்லும் அவதூறும் அதேதான்.

இன்னொரு கோளாறு இதைவிடப் பெரிது. நடுநிலையாளர் வாய் திறக்காமல் இருந்தால் அது அவருக்கு அழகு. பிறகு எதற்கு மௌனம் கலைக்கச் சொல்கிறோம்? மிதவாதிக்கு அந்தச் சலுகை கிடையாது, பெயரிலேயே வாதி ஒட்டியிருக்கிறது. கோர்ட்டில் வாதி ஆஜராகாவிட்டால் வழக்கு தள்ளுபடி. எதிர்த்தரப்பு சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகும்.

கம்பெனிகளுக்கோ இந்த நடுநிலை ரொம்பப் பிடித்துவிட்டது. 2020 அக்டோபரில் தனிஷ்க் நகைக்கடை ஒரு விளம்பரம் போட்டது: முஸ்லிம் குடும்பம் இந்து மருமகளுக்கு வளைகாப்பு நடத்துகிறது. புறக்கணிப்போம் என்று கூச்சல் எழுந்ததும், ஊழியர்கள், கடைக்காரர்கள் நலனைச் சொல்லித் திரும்பப் பெற்றார்கள். நம் தமிழக அரசு நிறுவனமான டிட்கோவும் பங்குதாரராக உள்ள டைட்டனின் கடைதான். பயந்தது தப்பென்று சொல்ல மாட்டேன். கவுண்டரில் நிற்கும் பிள்ளைகள் ஏன் அடிவாங்க வேண்டும்? ஆனால் பயத்துக்குப் பெயர் பயம். அதை நடுநிலை என்று எழுதக் கூடாது. அமெரிக்காவில் 2011 டிசம்பரில் லோஸ் என்ற கட்டுமானப் பொருள் கடை நிறுவனமும் இதையே செய்தது. மிச்சிகனில் டியர்போர்ன் ஊர் முஸ்லிம் குடும்பங்களைப் பற்றிய தொலைக்காட்சித் தொடருக்குக் கொடுத்த விளம்பரத்தை, புளோரிடாவில் ஒரு சங்கம் கிளப்பிய எதிர்ப்பால் நிறுத்திக்கொண்டது. அந்தச் சங்கத்தின் புகார் என்ன தெரியுமா? தொடர் சாதாரண ஆட்களையே காட்டுகிறதாம், தீவிரவாதிகளைக் காட்டவில்லையாம்! மிதவாதிகள் எங்கே என்று கேட்பதும் இவர்களே, திரையில் வந்தால் விரட்டுவதும் இவர்களே. நிறுவனப் பொறுப்பு என்ற சொல்லும் இங்கே சுருங்கிப் போச்சு. 2013 கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்களுக்கு மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்கு என்று கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டினால் பொறுப்பு தீர்ந்தது.

சரி, வடசொல்லே வேண்டாம் என்பவர்களுக்கு? இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த கரை இது. கடும்போக்காளர், மென்போக்காளர் என்ற ஜோடி நமக்குப் புதிதல்ல. முதலாவது அருமை. இரண்டாவதில் மென்மை என்பது விட்டுக்கொடுப்பதாகிவிடுகிறது. அளவுரையாளர் என்று ஆக்கிப் பார்த்தேன். அளக்கிறான் என்றால் ஊரில் வேறு அர்த்தம்! ஆகவே மிதவாதியே இருக்கட்டும். எதிர்ப்பக்கத்துக்கு மதவெறியர் போதும். சங்கப் பாடல்களில் முருகன் பூசாரியான வேலன் ஆடும் வெறியாட்டிலிருந்தே வெறி தெய்வத்தோடு பழகிய தமிழ்ச் சொல்தான்.

கடைசியாக, கடைக்கு மிரட்டல் போன் போட்டவர்களை ‘சமூக ஆர்வலர்கள்’ என்று எழுதும் செய்தியாளர்களுக்கு ஒரு வார்த்தை. அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் என்று கேட்ட குறளில் ஆர்வலர் என்றால் அன்புடையவர். போன் போட்டவருக்கு மிரட்டியவர் என்றே தமிழில் சொல் இருக்கிறது.