காலாவதி தேதி: கடைக்காரரின் பொறுப்பு எது வரை?

பாக்கெட்டில் தேதி அச்சிடுவது தயாரிப்பாளர் வேலை. தேதி முடிந்த பிறகும் அதை விற்றால் மாட்டுவது கடைக்காரர். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006, பிரிவு 27 இதை நேரடியாகவே சொல்கிறது. காலாவதியான சரக்கை அனுப்பிய விநியோகஸ்தரும் அதே பிரிவில்தான் வருவார். ஆனால் "ஏஜென்ட் இறக்கிப் போட்டதுதானே" என்ற பதில் கடைக்காரரைக் காப்பாற்றாது.

2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி 'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை' தேதி கட்டாயம். 'பெஸ்ட் பிஃபோர்' (தரம் குறையாமல் இருக்கும் கடைசித் தேதி) வேண்டுமானால் கூடுதலாகப் போடலாம். மூன்று மாதம் வரை தாங்கும் பொருளுக்கு நாள், மாதம், ஆண்டு மூன்றும் வேண்டும். அதற்கு மேல் தாங்குவதற்கு மாதமும் ஆண்டும் போதும். நறுக்காத காய்கறி, பழம், சர்க்கரை, வினிகர் போன்றவற்றுக்குக் காலாவதி தேதி தேவையில்லை.

பெரும்பாலான கடைகள் கோட்டை விடுவது ரேக்கில்தான். முதலில் வந்தது முதலில் போகட்டும் என்று அடுக்குவார்கள். விநியோகஸ்தர் பழைய பேட்ச்சைத் தள்ளிவிட்டால், நேற்று வந்த பிஸ்கட் போன மாதம் வந்ததற்கு முன்பே காலாவதியாகும். அதனால் வந்த தேதியை விட்டுவிட்டு முடியும் தேதியைப் பார்த்து, சீக்கிரம் முடிவதை முன்வரிசையில் வைக்க வேண்டும். சரக்கு இறங்கும்போதே பெட்டியைப் பிரித்துத் தேதி பார்த்து, பில்லிலேயே குறித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தேதி நெருங்கியதைத் தள்ளுபடியில் விற்கத் தடையில்லை, தேதி முடிவதற்குள் விற்றால் சரி.

இன்னொன்று: அச்சிட்ட தேதி, சொன்ன குளிரில் வைத்தால்தான் செல்லும். குளிர்ந்த பொருளுக்கு 5 டிகிரி அல்லது அதற்குக் கீழ், உறைந்ததற்கு மைனஸ் 18. கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் ஃப்ரிட்ஜை அணைக்கும் கடையில், தேதி பாக்கியிருக்கும்போதே தயிர் கப்பின் மூடி உப்பிவிடும். உறைந்த பட்டாணி பாக்கெட்டுக்குள் கட்டி கட்டியாகப் பனி இருந்தால், ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

பாக்கெட் போடாமல் உதிரியாக விற்கும் இனிப்புக்கும் 'பெஸ்ட் பிஃபோர்' தேதியைத் தட்டருகே காட்ட வேண்டும். 2020 அக்டோபர் 1 முதல் இது கட்டாயம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) வழிகாட்டுதல்படி கலாகந்த் அன்றைக்கே தீர வேண்டும், ரசகுல்லா 2 நாள், பால் பேடா 4 நாள், காஜு கத்லி 7 நாள். தீபாவளி நேரத்தில் இந்த அட்டைகளை ஒரு கண் பாருங்கள்.

காலாவதியானதை 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதித் தனிப் பெட்டியில் வைத்து விநியோகஸ்தரிடம் திருப்ப வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். தேதியை அழித்துப் புது ஸ்டிக்கர் ஒட்டுவது லேபிள் மோசடி. தவறான லேபிளுக்குப் பிரிவு 52ன்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

வாங்கியவர் புகார் தர, பில்லோடு பாக்கெட்டையும் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும். தேதி, பேட்ச் எண், 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் மூன்றும் தெரியும்படி படம் எடுத்து, 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் பதியலாம், அல்லது மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் நேரில் கொடுக்கலாம்.