பின்னழைப்பு: கால்பேக்குக்கு ஏற்ற தமிழ்ச்சொல்

ரோபோவுக்கு நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கு ஈவெண்ட், கால்பேக் இரண்டும் சேர்ந்தேதான் அறிமுகமாகும். ஈவெண்ட் எளிது. ‘வெளியே வருதல்’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். தமிழில் ‘நிகழ்வு’ என்றால் போதும். மோதல் உணரி அழுத்தப்படுவது ஒரு நிகழ்வு, டைமர் முடிவது இன்னொன்று.

கால்பேக்கில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். தொலைபேசியில் திரும்ப அழைப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். எண்ணைக் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம், நேரம் வரும்போது அவர்கள் அழைக்கிறார்கள். நிரலிலும் அப்படித்தான். செயற்கூறை (ஃபங்ஷன்) எழுதுவது நாம், அழைப்பது அமைப்பு. நாம் கொடுத்துவைப்பது அதன் பெயரை மட்டும்.

அந்த ‘மட்டும்’ முக்கியம். பைத்தானில் ‘நில்’ என்ற செயற்கூறை மோதல் நிகழ்வுக்குப் பதிவு செய்யும்போது ‘நில்’ என்றே கொடுக்க வேண்டும். பழக்கத்தில் ‘நில்()’ என்று அடைப்புக்குறியும் போட்டுவிட்டால், பதிவு செய்யும் வரியிலேயே அது ஓடி முடிந்துவிடும். ரோபோ உண்மையில் சுவரில் மோதும்போது அழைப்பதற்கு ஒன்றும் இருக்காது.

இந்த ஏற்பாடு இல்லையென்றால் ‘மோதியதா, மோதியதா’ என்று சுழலுக்குள் (லூப்) கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இடையில் 2 விநாடி காத்திருப்பு இருந்தால், அதற்குள் வந்துபோன மோதல் தெரியாமலே போகும். ஆனால் கால்பேக்குக்குள்ளேயே காத்திருப்பதும் தவறு. ரோபோக்களுக்கான மென்பொருள் கட்டமைப்பான ஆர்ஓஎஸ் 2-இல் வழக்கமான ‘ஸ்பின்’ ஒரே இழையில் (த்ரெட்) கால்பேக்குகளை ஒவ்வொன்றாக ஓட்டுகிறது. ஒன்று 5 விநாடி தூங்கினால், லேசர் ஸ்கேனைப் படிக்க வேண்டிய மற்றொன்றும் அதுவரை காத்துக் கிடக்கும். சக்கரமோ சுழன்றுகொண்டே இருக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மீளழைப்பு’ என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘மீள்’ என்றதும் இரண்டாம் முறை என்று தோன்றும்; இங்கே முதல் அழைப்பே கால்பேக்தான். ஒரு செயற்கூறு தன்னையே அழைக்கும் முறையோடும் குழப்பிக்கொள்ள இடமுண்டு. ‘பின்னழைப்பு’ அப்படியல்ல. ‘பின்’ என்பதில் ‘பிறகு’ என்ற காலப்பொருளும் ‘பின்னால்’ என்ற இடப்பொருளும் சேர்ந்தே இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லில் ‘பிறகு’ இல்லை, தமிழில் அது தானாக வந்து சேர்கிறது! தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வரும்போது இரட்டிக்கும் என்ற விதிப்படி பின் + அழைப்பு ‘பின்னழைப்பு’ ஆகிறது. செயற்கூறைச் சேர்த்துச் சொல்லும்போது ‘பின்னழைப்புச் செயற்கூறு’. பேச்சில், ‘மோதல் உணரிக்குப் பின்னழைப்பு பதிவு செய்தாயா?’