பல் மருத்துவமனையைப் பல மருத்துவமனை ஆக்காதீர்கள்

பல் மருத்துவமனை போர்டுக்கு ரஃப் பிரஷ் ஃபான்ட், அதாவது வறண்ட தூரிகையால் எழுதியதுபோல் பிசிறும் தெறிப்புமாக இருக்கும் எழுத்துரு. 'ல்' மேலிருந்த புள்ளி, சுற்றிச் சிதறிய மைத்தெறிப்போடு கலந்து காணாமல் போனது. சாலையிலிருந்து படித்தால் 'பல மருத்துவமனை'. பலசரக்குக் கடைக்கும் அதே ஃபான்ட். அங்கே 'ல' தலையில் ஒரு தெறிப்பு உட்கார்ந்து 'பல்சரக்கு'. போதும் சாமி.

இதைச் சொன்னால் வரும் ஒரே பதில்: "சைஸைக் கூட்டிடுங்க, தெரியும்." புள்ளி மட்டுமா வளரும்? தெறிப்பும் சேர்ந்துதான் வளரும். 4 அங்குல எழுத்தில் புள்ளி 8 மி.மீ., தெறிப்பு 6 மி.மீ. என்றால், 4 அடி எழுத்தில் 96-ம் 72-ம். எது புள்ளி, எது அழுக்கு என்ற குழப்பம் அப்படியே நிற்கும், பெரிதாக நிற்கும். போல்டு போட்டாலும் தீராது. புள்ளிக்குக் கீழே இருந்த இடைவெளி அடைபடும். சுழிகள் மூடி, 'ண'வா 'ன'வா என்று எண்ண வேண்டி வரும்.

1942-இல் அமெரிக்காவில் வந்த பிரஷ் ஸ்கிரிப்ட் போன்ற ஆங்கில எழுத்துருக்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. 'i'-யின் புள்ளி விழுந்தாலும் அது 'i'-தான். ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளியே கிடையாதே என்று வாதாடுபவர்களும் உண்டு. சுவடியைப் படித்தவர் புலவர். உங்கள் போர்டைப் படிப்பவர் ஓடும் பஸ்ஸில் இருக்கிறார்.

இதைச் சரிசெய்வது, போர்டு வடிவமைக்கும் கோரல் டிரா மென்பொருளில் ஐந்து நிமிட வேலை. கன்ட்ரோல்+க்யூ அடித்தால் எழுத்து வெறும் வடிவமாகும், டைப் செய்து திருத்த முடியாது. பிறகு அதைத் துண்டு துண்டாகப் பிரிக்க கன்ட்ரோல்+கே. தெறிப்பெல்லாம் தனித்தனியாகக் கழன்றுவிடும். சுழிகளின் ஓட்டையும் நிரம்பிவிடும், பதற வேண்டாம். எழுத்தையும் அதன் ஓட்டைகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ஒன்றாக இணைக்கும் கன்ட்ரோல்+எல் அடியுங்கள், ஓட்டை திரும்பிவிடும். எழுத்தின் தலைக்கு மேலுள்ள தெறிப்பை முழுக்க அழியுங்கள். காலடியில் இருப்பது இருக்கட்டும், அழகுதான். புள்ளியைக் கோட்டின் தடிமனுக்குச் சமமாக, ஓரம் மட்டும் கரடுமுரடாக, கையால் வரையுங்கள்.

அடுத்தது இரட்டிப்பு. 'சக்கரம்', 'பட்டம்': தமிழில் ஒரே எழுத்து அடுத்தடுத்து வருவது சர்வ சாதாரணம். இரண்டு 'க'விலும் ஒரே இடத்தில் ஒரே வறண்ட கீறல் இருந்தால் தூரிகை எழுதியதாக யார் நம்புவார்? ஒன்றை 2, 3 டிகிரி சாய்த்து, வால் கீறலை, வடிவத்தை இழுத்து மாற்றும் ஷேப் டூலால் மாற்றுங்கள்.

வெள்ளை அவுட்லைன் கேட்பார்கள். அவுட்லைன் அமைப்பைத் திறக்கும் எஃப்12-இல் மூலையை ரவுண்டு ஆக்காமல் கொடுத்தால் ஒவ்வொரு பிசிறும் முள்ளாக நீளும். வினைல் கட்டிங் (ஸ்டிக்கர் தாளில் எழுத்தை வெட்டி ஒட்டுவது) என்றால் 3 மி.மீ.க்குக் குறைந்த துணுக்கு எதையும் விடாதீர்கள். எழுத்தைச் சுற்றியுள்ள வேண்டாத தாளை உரிக்கும்போது அதுவும் கூடவே வந்துவிடும்.

இன்னொன்று, தயவுசெய்து. கன்ட்ரோல்+க்யூ அடிக்கும் முன் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். ஃபோன் நம்பர் மாறிவிட்டது என்று கடைக்காரர் சொல்வது எப்போதுமே அதற்குப் பிறகுதான்.